சூடு காட்டினால் உயிர் வருமா? பழைய கன்சோல்களின் கிராபிக்ஸ் சிப்பும் அதன் வேகமும்

சென்னையில் பழைய கேம் கன்சோலைப் பழுதுபார்க்கத் தூக்கிக்கொண்டு போகிறவர்களில் பெரும்பாலோர் ஒரே பதிலைக் கேட்டிருப்பார்கள்: “சிப்புல ஹீட் அடிச்சா ஓடிடும் சார்.” நானும் கேட்டேன், நம்பினேன். ஹீட் கன் பிடித்த பிறகு படம் வந்தது. மூன்றாவது வாரம் திரை மறுபடி கறுத்துப்போனது. இரண்டாம் முறை ஹீட் அடித்தபோது நான்கு நாள்தான் தாங்கியது. அந்தச் சூடு எதைச் சரிசெய்தது, ஏன் அது நிலைக்கவில்லை என்ற கேள்வியோடு படிக்கத் தொடங்கியபோது, கிராபிக்ஸ் சிப்பை வேகப்படுத்தும் ஓவர்கிளாக் வேலையும் அதே சிப்பைப் பிழைக்கவைக்கும் பழுதுவேலையும் ஒரே கணக்கில் அடங்குபவை என்பது தெரியவந்தது. மின்னழுத்தம், வெப்பம் ஆகிய இரண்டின் கணக்கு அது.

முதலில் வேகம். சிப்புக்குள் நடக்கும் ஒவ்வொரு வேலையும் ஒரு தாளத்துக்குக் கட்டுப்பட்டது. போர்டில் உள்ள குவார்ட்ஸ் படிகம் சீரான துடிப்பைத் தருகிறது. பிஎல்எல் என்னும் சுற்று அதைப் பல மடங்காக்கிச் சிப் முழுவதற்கும் அனுப்புகிறது. நட்டுவனார் தட்டும் தாளத்தில் அடுத்த தட்டு விழுவதற்குள் மேடையில் நிற்கும் அத்தனை பேரும் தங்கள் அடவை முடித்திருக்க வேண்டும். முதல் காலத்தில் இது எல்லோருக்கும் முடியும். மூன்றாம் காலத்துக்குப் போகும்போது வரிசையில் மிக மெதுவான ஒருவர் பின்தங்குவார், அவரால் வரிசையே குலையும். சிப்பில் அந்த மெதுவானவர், ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையில் மின்குறி கடந்தாக வேண்டிய மிக நீண்ட டிரான்சிஸ்டர் சங்கிலி. அது முடிப்பதற்குள் அடுத்த தட்டு விழுந்துவிட்டால் தவறான எண் பதிவாகும். திரையில் அது கிழிந்த முக்கோணமாகவோ, உறைந்துபோன காட்சியாகவோ தெரியும். கிராபிக்ஸ் நினைவகத்தை அளவு மீறி ஓட்டினால், பெரும்பாலும் படம் நிற்காமல் ஆங்காங்கே புள்ளிகள் மின்னத் தொடங்கும்.

தயாரிப்பாளர் குறிக்கும் வேகம், தொழிற்சாலையிலிருந்து வரும் சிப்புகளில் சுமாரானதுகூட வெக்கையான அறையில் தடுமாறாமல் ஓடும் வேகம். ஆகவே சராசரிச் சிப்பில் கொஞ்சம் இடம் மிச்சமிருக்கும். பிளேஸ்டேஷன் 3-இன் கிராபிக்ஸ் சிப்பான ஆர்எஸ்எக்ஸை 2005-இல் அறிவித்தபோது சொல்லப்பட்ட வேகம் 550 மெகாஹெர்ட்ஸ். 2006 நவம்பரில் விற்பனைக்கு வந்த கன்சோலில் இருந்தது 500. ஓவர்கிளாக் செய்கிறவர் கைவைப்பது இந்த மிச்ச இடத்தில்தான்.

எல்லாக் கன்சோலிலும் இது முடியாது. சூப்பர் நின்டென்டோவில் பிராசசருக்கும் படத்துக்கும் ஒரே படிகம்தான் தாளம் போட்டது. அதன் 21.477 மெகாஹெர்ட்ஸ் என்ற எண், அமெரிக்க, ஜப்பானியத் தொலைக்காட்சியின் நிறத்துடிப்பான 3.5795 மெகாஹெர்ட்ஸின் சரியாக ஆறு மடங்கு. அந்தப் படிகத்தை மாற்றினால் விளையாட்டு வேகமாகும், ஆனால் டிவிக்கு நிறமும் படத்தின் நிலைப்பும் போய்விடும். 1993-இல் வந்த ஸ்டார் ஃபாக்ஸ் கேசட்டுக்குள் இருந்த சூப்பர் எஃப்எக்ஸ் சிப் இதற்கு ஓர் அழகான விதிவிலக்கு. முப்பரிமாண வடிவங்களைத் தன் சொந்த நினைவகத்தில் வரைந்து முடித்த பிறகே அது கன்சோலிடம் ஒப்படைக்கிறது. எனவே அதற்கு மட்டும் தனியாகத் துடிப்பு தரும் வேறொரு ஆசிலேட்டரை ஒட்டவைத்தால், டிவியின் தாளம் கெடாமல் வரைவது மட்டும் விரைவாகும். 2001-இல் வந்த முதல் எக்ஸ்பாக்ஸில் 233 மெகாஹெர்ட்ஸில் ஓடும் கிராபிக்ஸ் சிப்பின் பெருக்கத்தை மென்பொருள் வழியாகவே மாற்றலாம். சால்டரிங் அயர்னைத் தொடவே வேண்டாம்.

இதற்கு விலை உண்டு. ஒரு சிப் உண்ணும் மின்திறன் அதன் வேகத்துக்கு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தின் இருமடிக்கும் ஏற்ப உயரும். 500 மெகாஹெர்ட்ஸை 600 ஆக்கினால் மின்திறன் 20 சதவீதம் ஏறும். அந்த வேகத்தில் சிப் தடுமாறுகிறதென்று மின்னழுத்தத்தை 1.1 வோல்ட்டிலிருந்து 1.2-க்கு ஏற்றினால், அது மட்டுமே இன்னும் 19 சதவீதத்தைக் கூட்டும். இரண்டையும் பெருக்கிப் பார்த்தால் கிடைத்த வேகம் 20 சதவீதம், கூடிய வெப்பம் 43 சதவீதம். அழுத்தத்தைத் தொடாமல் வேகத்தை மட்டும் சிறிது ஏற்றுவதே பழைய சிப்புக்கு ஏற்றது என்று நான் உறுதியாகச் சொல்வது இதனால்தான்.

அந்த வெப்பம் எங்கே தாக்குகிறது என்பதுதான் பழுதின் கதை. நாம் சிப் என்று சொல்லும் சதுரம் ஒரே பொருள் அல்ல. நடுவில் சிலிக்கான் சில்லு. அதன் அடியில் நூற்றுக்கணக்கான நுண்ணிய சால்டர் புள்ளிகள். அவை அமர்ந்திருப்பது இழையும் பிசினும் தாமிரமும் சேர்ந்த ஒரு சிறு பலகையில். அந்தச் சிறு பலகையின் அடியில்தான் கண்ணுக்குத் தெரியும் பெரிய சால்டர் உருண்டைகள் மெயின் போர்டோடு ஒட்டுகின்றன. சூடேறும்போது சிலிக்கான் ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 2.6 பங்கு விரியும். அடியில் உள்ள பலகையோ 16 பங்கு வரை விரியும். 60 டிகிரி ஏற்றத்துக்கு, மையத்திலிருந்து 10 மில்லிமீட்டர் தள்ளி மூலையில் நிற்கும் ஒரு சால்டர் புள்ளியின் தலையும் காலும் தடையின்றி நகர முடிந்தால் சுமார் 8 மைக்ரோமீட்டர் விலகும். புள்ளியின் அகலமே தலைமுடியின் தடிமன் அளவுதான். ஒவ்வொரு முறை கன்சோலைப் போட்டு அணைக்கும்போதும் இந்த இழுபறி ஒருமுறை நடக்கிறது. கம்பியை மடக்கி மடக்கி ஒடிப்பது போல, ஒருநாள் அந்தப் புள்ளியில் விரிசல் விழும். ஏற்ற இறக்கத்தின் அளவு இரட்டிப்பானால் சால்டர் தாங்கும் சுற்றுகள் ஏறத்தாழ நான்கில் ஒன்றாகக் குறையும். இந்த உறவை 1950களில் காஃபின், மேன்சன் என்ற இருவர் தனித்தனியே கண்டறிந்தார்கள்.

புள்ளிகளைக் காப்பாற்றவென்றே அவற்றைச் சுற்றி அண்டர்ஃபில் என்ற பிசின் நிரப்பப்படுகிறது. அது இறுகிய நிலையில் இழுவிசையைத் தானும் பகிர்ந்துகொள்ளும். ஆனால் ஒவ்வொரு பிசினுக்கும் ஒரு வெப்பநிலை உண்டு; அதைத் தாண்டினால் அது இளகி, மும்மடங்கு வரை அதிகமாக விரியத் தொடங்கும். அந்தக் கோடு, சிப் அன்றாடம் எட்டும் சூட்டுக்கு மிக அருகில் இருக்குமாறு பிசினைத் தேர்ந்துவிட்டால், காவலாக வைத்த பொருளே புள்ளிகளைக் கைவிட்டுவிடும். 2008 ஜூலையில் கிராபிக்ஸ் சிப் தயாரிக்கும் என்விடியா நிறுவனம் தன் மடிக்கணினிச் சிப்புகள் சிலவற்றில் சில்லைப் பொதியும் உறைப்பொருள் பலவீனமாக இருந்ததென்று ஒப்புக்கொண்டு 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கியது. அதற்கு ஓராண்டு முன்பு, எக்ஸ்பாக்ஸ் 360-இல் சிவப்பு விளக்கு வளையம் எரிந்து கன்சோல் நின்றுபோகும் பழுதுக்காக மைக்ரோசாஃப்ட் உத்தரவாதத்தை 3 ஆண்டுகளாக நீட்டி, 100 கோடி டாலருக்கு மேல் செலவை ஏற்றிருந்தது. பழுதின் காரணத்தை அந்நிறுவனப் பொறியாளர்கள் 2021-இல் வெளியான ஆவணப்படத்தில் விளக்கினார்கள். பலர் நினைத்ததுபோல் போர்டுக்கும் சிப்புக்கும் இடையிலான உருண்டைகள் உடையவில்லை. உறைக்குள் உள்ள இணைப்புகள் உடைந்தன, அதுவும் திரும்பத் திரும்பச் சூடாகி ஆறியதால்.

இப்போது ஹீட் கன்னுக்கு வருவோம். ஈயமில்லா சால்டர் உருண்டைகள் 217 டிகிரியில் உருகத் தொடங்கும். அக்காலத்திய பல சிப்புகளின் உள்புள்ளிகளோ பெரும்பகுதி ஈயம். அவை உருக 300 டிகிரிக்கு மேல் வேண்டும். கடையில் அடிக்கும் காற்று அவற்றை உருக்குவதே இல்லை. கன்சோலைத் துவாலையில் சுற்றித் தன் சூட்டிலேயே வேகவைத்த பழைய வித்தையில் 217-ஐக்கூட எட்டியிருக்க வாய்ப்பில்லை. நடப்பது வேறு: பலகை விரிந்து வளைகிறது, விரிசலின் இரு முகங்களும் மறுபடி தொட்டுக்கொள்கின்றன, மின்சாரம் பாய்கிறது. ஒட்டு எதுவும் உண்டாகவில்லை. அடுத்த சில சுற்றுகளில் அது திரும்ப விலகும். என் கன்சோலுக்கு மூன்று வாரமும் பிறகு நான்கு நாளும் கிடைத்ததன் பொருள் அதுதான்.

சூடு இன்னொரு வகையிலும் ஏமாற்றும். தொடக்ககால பிளேஸ்டேஷன் 3 போர்டுகளில் கிராபிக்ஸ் சிப்புக்கும் பிராசசருக்கும் வரும் மின்சாரத்தைச் சீராக்க, என்இசி டோக்கின் என்ற தட்டையான கெபாசிட்டர்கள் இருக்கின்றன. வயதாகிக் கொள்ளளவு குறைந்த கெபாசிட்டர், சூடானதும் சற்று நன்றாக வேலை செய்யும். ஹீட் கன் பட்டதும் கன்சோல் எழுந்துகொள்ளும். சிப்தான் போய்விட்டது என்று தீர்ப்பும் எழுதப்படும். சிப்பைக் கழற்றுமுன் அந்த மின்தடத்தில் அழுத்தம் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று, அதைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலாஸ்கோப்பில் பார்த்துவிடுவது பல ஆயிரம் ரூபாயை மிச்சப்படுத்தும். ஓவர்கிளாக் செய்ய விரும்புகிறவருக்கு இந்தச் சோதனை இன்னும் முக்கியம், ஏனென்றால் கூடுதல் வேகம் கேட்கும் கூடுதல் மின்னோட்டம் அந்தக் கெபாசிட்டர்களைத் தாண்டித்தான் வர வேண்டும்.

சென்னைக்கென்று சில கணக்குகள் உண்டு. கத்திரி வெயிலில் ஏசி இல்லாத அறை 35 டிகிரியில் இருந்தால், 20 டிகிரி அறையில் 70-இல் நின்றிருக்கும் சிப் இங்கே 85-ஐத் தொடும். ஏற்ற இறக்கத்தின் அளவு ஏறத்தாழ அதேதான். ஆனால் உச்சம் அந்தப் பிசினின் கோட்டை நெருங்குகிறது. 2012 வாக்கில் இங்கே நாள்தோறும் 2 மணி நேரம் அறிவிக்கப்பட்ட மின்வெட்டு இருந்தது. ஒவ்வொரு வெட்டும் ஃபேன் நின்று சிப் தானாக ஆறும் ஒரு கூடுதல் சுற்று. கண்ணாடிக் கதவு போட்ட டிவி அலமாரிக்குள் கன்சோலை வைக்கும் நம் வழக்கம் எல்லாவற்றிலும் கெடுதலானது.

மூன்றாவது கணக்கு ஈரம். கடலோரக் காற்றில் ஆண்டுக்கணக்காக இருந்த சிப் உறை நீராவியை உறிஞ்சி வைத்திருக்கும். அதை அப்படியே 240 டிகிரிக்குக் கொண்டுபோனால் உள்ளே ஆவி வெடித்து அடுக்குகள் பிரியும், சோளப்பொரி போல. ரிச்சி தெருவை ஒட்டிய ஒரு சந்தில், இரண்டாம் மாடி அறையில் வேலை செய்யும் பெரியவர் ஒருவர் இதைத் தவறாமல் கவனிக்கிறவர். “அவசரமா, தம்பி? அப்ப நாளைக்கு வாங்க,” என்று சொல்லி, போர்டையும் மாற்றுச் சிப்பையும் உலர வைக்கிறார், சிப்புக்கு 125 டிகிரியில் பல மணி நேரம்.

மறுநாள் அவர் சிப்பைத் தூக்கியதை அருகில் நின்று பார்த்தேன். முதலில் சிப்பின் உலோக மூடியைப் பிளேடால் சுற்றிலும் அறுத்துத் திறந்தார்; உள்ளே இருந்த தெர்மல் பேஸ்ட் காய்ந்த சுண்ணாம்பாக உதிர்ந்தது. பேஸ்ட் அப்படிக் காய்ந்ததே சிப்பைப் பத்து டிகிரிக்கு மேல் கூடுதலாகச் சுட்டிருக்கும். பிறகு போர்டு முழுவதையும் அடியிலிருந்து 150 டிகிரி வரை மெல்லச் சூடாக்கினார், வளையாதிருக்க. சிப்பின் ஓரத்தில் நுண்ணிய வெப்பமானிக் கம்பியை ஒட்டி, சால்டர் நன்றாக ஓட உதவும் ஃப்ளக்ஸ் தடவி, மேலிருந்து சூட்டை இறக்கினார். எண் 220-ஐத் தாண்டிய சில வினாடிகளில் இடுக்கியின் நுனியால் சிப்பை ஒரு மயிரிழை தள்ளினார். அது வழுக்கிப்போய்த் தானாகவே பழைய இடத்துக்குத் திரும்பியது. நூற்றுக்கணக்கான உருகிய உருண்டைகளின் பரப்பு இழுவிசை அதைத் தன் இடத்துக்கே இழுத்துக்கொண்டது. எல்லா உருண்டையும் உருகிவிட்டது என்பதற்கு அதுவே சாட்சி. அதற்கு முன்பு தூக்கியிருந்தால் போர்டின் தடங்கள் பெயர்ந்து வந்திருக்கும்.

கழற்றிய சிப்புக்கே புது உருண்டை வைத்துத் திரும்ப ஒட்டுவதுதான் ரீபால். உடைந்தது உள்புள்ளி என்றால் ரீபாலும் பயனற்றது. வேறு சிப் வேண்டும். பிளேஸ்டேஷன் 3-இல் பழுதுவேலையும் ஓவர்கிளாக்கும் சந்திக்கும் இடம் இதுதான். ஆர்எஸ்எக்ஸ் முதலில் 90 நானோமீட்டர் முறையில் செய்யப்பட்டது; இந்த எண் சிறிதாக ஆக டிரான்சிஸ்டரும் சிறிதாகும். பின்னர் 65, 40 என்று சுருங்கியது. முதல் மாடல்களில் பிளேஸ்டேஷன் 2-இன் சிப்புகளும் சேர்ந்தே இருப்பதால் சேகரிப்பவர்கள் அந்தப் போர்டைக் கைவிட மனமில்லாமல், அதன்மேல் பிற்காலத்து 40 நானோமீட்டர் ஆர்எஸ்எக்ஸைப் பொருத்துகிறார்கள். அதற்கு மின்னழுத்தத்தைக் குறைத்து, போர்டைக் கண்காணிக்கும் கட்டுப்பாட்டுச் சிப்பையும் புதியதை ஏற்கும்படி மாற்றியாக வேண்டும். கிடைப்பது குறைந்த அழுத்தத்தில் ஓடும், வெகுவாகக் குறைந்த சூடுள்ள ஒரு சிப். அதே ஹீட் சிங்க், அதே ஃபேன், ஆனால் கணிசமான மிச்ச இடம். அதில் 500-ஐ 600 ஆக்கினாலும் பழைய 90 நானோமீட்டர் சிப் சும்மா ஓடிய சூட்டை அது எட்டுவதில்லை.

பலன் ஒவ்வொரு விளையாட்டிலும் தெரியாது. வினாடிக்கு 30 ஃபிரேம் என்று பூட்டப்பட்ட விளையாட்டு ஏற்கெனவே 30-ஐத் தொடுகிறதென்றால் ஒரு மாற்றமும் இராது. கூட்டமான காட்சியில் 22-க்கு இறங்கித் திணறும் விளையாட்டில்தான் வேறுபாடு கண்ணுக்குப் படும். அந்தப் பெரியவர் மாற்றுச் சிப்பின் வேகத்தை ஒரே தாவலில் ஏற்றவில்லை. 25 மெகாஹெர்ட்ஸ் ஏற்றி, கனமான ஒரு காட்சியை ஓடவிட்டு, ஃபேனை நிறுத்தாமல் அரைமணி நேரம் வெப்பநிலையைக் குறித்து, பிறகு அடுத்த 25-க்குப் போனார். 575-இல் திரையின் இடது ஓரத்தில் ஒரு முக்கோணம் ஒருமுறை மினுக்கியது. அவர் 550-க்கு இறக்கி, அந்த எண்ணைப் பென்சிலால் மூடியின் உட்புறத்தில் எழுதி, ஸ்க்ரூவை மாட்டினார்.