நிலைபொருள்: 'பயாஸ் போயிடுச்சு' என்றால் போனது எது?

தண்டையார்பேட்டையில் மடிக்கணினி பழுதுபார்க்கும் கடை ஒன்றில், விளக்கு எரிந்து விசிறி சுழன்றும் திரை மட்டும் இருண்டே கிடக்கும் கணினியைக் கொடுத்தால், "பயாஸ் போயிடுச்சு சார், சிப்பு மாத்தணும்" என்ற பதில் வரக்கூடும். போனது சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய எட்டுக்கால் சில்லா, அதற்குள் எழுதியிருந்த நிரலா என்பதை அந்தப் பேச்சு பிரித்துக் காட்டுவதில்லை. சில்லு வன்பொருள், உள்ளிருப்பது ஃபர்ம்வேர், தமிழில் நிலைபொருள். கணினியை இயக்கித் தொடங்கிவைக்கும் பயாஸ் அதில் ஒரு வகை.

ஃபர்ம்வேர் என்ற சொல்லை 1967இல் டேட்டாமேஷன் இதழில் ஆஷர் ஆப்ளர் அறிமுகப்படுத்தியபோது, செயலிக்குள் இயங்கி அதன் கட்டளைகளை நிறைவேற்றும் நுண்நிரலையே (மைக்ரோகோட்) அவர் கருதினார். ஹார்டுவேருக்கும் சாஃப்ட்வேருக்கும் நடுவே நிற்பதால் அது 'ஃபர்ம்'. வல்லினத்துக்கும் மெல்லினத்துக்கும் நடுவே இடையினத்தை வைத்திருக்கும் மொழியில் இதை 'இடைப்பொருள்' என்றிருக்கலாமே என்ற சபலம் எனக்கு உண்டு. ஆயினும் நிலைபொருள் வேறொரு குணத்தைப் பிடிக்கிறது: மின்சாரம் நின்ற பின்னும் அது அழிவதில்லை. 'நிலைப்பொருள்' என்றும் சிலர் எழுதுகிறார்கள். நிலைத்த, நிலைக்கின்ற, நிலைக்கும் பொருள் என்று விரியும் வினைத்தொகையாகக் கொண்டால், ஊறுகாய், சுடுசோறு போல இங்கும் வல்லினம் மிகாது.

நிலைப்பது என்றால் மாற்ற முடியாதது என்று பொருளில்லை. தோஷிபாவில் ஃபுஜியோ மசுவோக்கா 1980களில் உருவாக்கிய நினைவகம், தகவலை ஒரே வீச்சில் அழிப்பது கேமராவின் மின்னொளியை நினைவூட்டியதால் 'ஃபிளாஷ்' எனப் பெயர் பெற்றது. பயாஸ் சில்லும் இவ்வகைதான்; அழித்து மீண்டும் எழுதலாம்.

கவனமாக வேலை செய்பவர் முதலில் சில்லின் எட்டாம் காலில் 3.3 வோல்ட், சில மாதிரிகளில் 1.8 வோல்ட், வருகிறதா என்று மல்ட்டிமீட்டரில் பார்ப்பார். பிறகு சில்லின் கால்களில் கவ்வியை மாட்டி, சில்லைப் படிக்கவும் எழுதவும் உதவும் புரோகிராமர் என்ற கருவியால் உள்ளடக்கத்தை இருமுறை படித்து ஒப்பிடுவார். இரண்டும் ஒத்திருந்தும் உள்ளடக்கம் சிதைந்திருந்தால் நிலைபொருளைத் திரும்ப ஏற்றினால் போதும். கவ்வி சரியாகப் பொருந்தியும் ஒவ்வொரு முறையும் வேறுவேறாக வந்தாலோ, எழுதியது நிற்காமல் போனாலோதான் சூடான காற்றால் ஈயத்தை இளக்கிச் சில்லைக் கழற்றி, முதல் காலைக் குறிக்கும் புள்ளி பார்த்துப் புதியதைப் பற்றவைக்க வேண்டும். எப்படியானாலும் பழைய பதிவை முதலில் நகலெடுப்பது அவசியம். அந்தக் கணினிக்கே உரிய தொடர் எண் பெரும்பாலும் அதில்தான் இருக்கும், வேறெங்கிருந்தோ எடுத்து ஏற்றிய கோப்பில் இருக்காது.