ஒரு குப்பி மையும் காட்பாடியின் 746 ஓட்டும்

2021 சட்டமன்றத் தேர்தலில் காட்பாடித் தொகுதியில் துரைமுருகன் ஜெயித்தது 746 ஓட்டு வித்தியாசத்தில். அவ்வளவு பெரிய தலைவருக்கு இவ்வளவு சின்ன வித்தியாசமா என்று எங்கள் தெருவில் பல நாள் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்த எண்ணைப் பார்த்ததும் வேறொன்று நினைவுக்கு வந்தது. ஓட்டுச்சாவடியில் விரலில் வைக்கிறார்களே அந்த மை, அது வரும் குப்பி 10 மில்லி. ஒரு குப்பி ஏறக்குறைய 700 விரலுக்குக் காணும். ஒரு தொகுதியின் தலையெழுத்தை மாற்றக்கூடிய ஓட்டுகள் மொத்தமும் கிட்டத்தட்ட ஒரு குப்பி மைக்குள் அடங்கிவிடுகின்றன.

நம் மாநிலத்தில் மேலவை 1986லேயே கலைக்கப்பட்டுவிட்டது. இருப்பது ஒரே அவை, 234 இடங்கள். ஆட்சி யாருக்கு என்பதை இந்த ஓட்டுதான் முடிவு செய்கிறது. அதனால் ஒருவரே இரண்டு முறை வரிசையில் நிற்பதைத் தடுக்க ஓர் ஏற்பாடு கட்டாயம் வேண்டும். மின்சாரமும் நெட்வொர்க்கும் இல்லாத, எங்கள் வேலூர்ப் பக்கத்து அணைக்கட்டுத் தொகுதியின் மலை கிராமத்திலும் அது வேலை செய்ய வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவரிடமும் செல்ல வேண்டும். டெல்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் அதற்கு உருவாக்கிக் கொடுத்ததுதான் இந்த அழியா மை. 1962 பொதுத் தேர்தலிலிருந்து இதைத் தயாரித்துத் தருவது மைசூரில் உள்ள ஒரு பெயிண்ட் ஆலை. மைசூர் மகாராஜா 1937இல் ஆரம்பித்தது, இப்போது கர்நாடக அரசின் நிறுவனம்.

சரி, அது ஏன் அழியவில்லை?

இந்தக் கேள்வியை என்னிடம் முதலில் கேட்டது எங்கள் ஆயா. குடியாத்தத்தில் பீடி சுற்றிக் காலம் தள்ளியவர். "மருதாணி வச்சா ரெண்டு வாரத்துல வெளுத்துப்பூடுது. இது இன்னாடா, மாசக்கணக்கா நிக்குது? அதுல இன்னா கலக்கறான்?" என்றார். எனக்கு அப்போது பதில் தெரியவில்லை. ஏதோ வலுவான சாயம் என்று சொல்லிச் சமாளித்தேன். அது தவறான பதில். ஊதாச் சாயம் ஒன்று அதில் கலந்திருப்பது உண்மைதான். ஆனால் கோடு விழுந்ததா இல்லையா என்று கண்ணுக்கு உடனே தெரிவதற்கே அது உதவுகிறது. அழியாமல் நிற்பது அந்தச் சாயம் இல்லை.

மையின் உயிர் சில்வர் நைட்ரேட் என்ற வெள்ளி உப்பு. முழுச் சேர்மானம் ரகசியம் என்றாலும் இது உள்ளே 10 முதல் 18 சதவீதம் வரை இருக்கும் என்பது தெரிந்த விஷயம். தண்ணீரில் கரைத்தால் இதற்கு நிறமே கிடையாது. குப்பியிலிருந்து வரும்போது மை பாதிதான் தயாராகியிருக்கிறது. மீதி வேலை நடப்பது உங்கள் விரலில்.

சித்திரை வெயிலில் ஒரு மணி நேரம் வரிசையில் நின்றவர் விரலில் வியர்வை இருக்கும், வியர்வையில் உப்பு இருக்கும். வேலூர் வெயிலுக்கு அந்த உப்பைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம். சில்வர் நைட்ரேட் உப்பைத் தொட்டதும் சில்வர் குளோரைடு உண்டாகிறது. இது தண்ணீரில் கரைய மாட்டாது. ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு மில்லிகிராம் கரைந்தாலே அதிகம். கோடு போட்ட கையோடு குழாயடிக்கு ஓடினாலும் பயனில்லாததற்கு முதல் காரணம் இது.

அடுத்த வேலை வெளிச்சத்துடையது. சில்வர் குளோரைடு மேல் ஒளி பட்டால், அதிலும் வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர் பட்டால், அது உடைந்து தூய வெள்ளியாகிவிடும். பழைய போட்டோ ஸ்டுடியோக்களில் ஃபிலிம் வேலை செய்ததும் வெள்ளி உப்பு ஒளிக்கு மசியும் இதே குணத்தால்தான். டார்க் ரூமில் ஒரு சிவப்பு பல்பு மட்டும் எரிந்தது அதற்காகவே. மைக் குப்பி வெளிச்சம் புகாத பழுப்பு நிறத்தில் வருவதும் அதற்காகவே. சாவடிக்குள் ஊதாவாக இருந்த கோடு வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் கருத்துப்போயிருக்கும். வழியெல்லாம் வெயில் அதை டெவலப் செய்துகொண்டே வந்திருக்கிறது.

வெள்ளி என்றால் பளபளக்க வேண்டாமா? கொலுசில் பளபளக்கும், ஏனென்றால் அங்கே ஒரே பரப்பாக இருந்து ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. கண்ணுக்குத் தெரியாத துகள்களாக உதிர்ந்து கிடக்கும்போது ஒளி அந்தத் துகள்களுக்குள்ளேயே மாட்டிக்கொள்கிறது, நமக்குக் கறுப்பாகத் தெரிகிறது. ஓட்டுப் போட்டு வந்தவர் விரலில் இருப்பது கறுப்பு நிறம் பூண்ட நிஜ வெள்ளி.

மூன்றாவதாகத் தோலோடு ஏற்படும் பிணைப்பு. இதைச் சொல்ல எங்கள் பக்கத்தை விட்டால் வேறு நல்ல ஊர் கிடையாது. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி டேனரிகளில் பச்சைத் தோல் அழுகாத தோலாக மாறுவது எப்படி? ஆவாரம்பட்டையிலோ கடுக்காயிலோ உள்ள துவர்ப்புச் சத்து தோலின் கொலாஜன் புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. குரோமிய உப்பும் அதையே செய்கிறது. பிடித்தபின் எவ்வளவு கழுவினாலும் பிரியாது. நம் விரலின் மேல்தோலிலும் நகத்திலும் இருப்பது கெரட்டின் என்ற வேறொரு புரதம். இதில் கந்தகம் அதிகம். வெள்ளிக்கும் கந்தகத்துக்கும் உள்ள ஒட்டுதல் கொலுசு போட்ட எல்லோருக்கும் தெரியும். பீரோவில் வைத்த கொலுசு கறுத்துப்போவது காற்றிலுள்ள கந்தகத்தால்தான். அதே பிடிப்போடு வெள்ளி அயனிகள் கெரட்டினில் போய் உட்கார்ந்துகொள்கின்றன. சோப்பு எண்ணெய்ப் பசையைக் கழற்றும். இங்கே கழற்றுவதற்குப் பசை எதுவும் இல்லை, தோலே நிறம் மாறிப்போயிருக்கிறது.

எண்ணெய் என்றதும் ஒன்று. விரலில் எண்ணெயோ கிரீஸோ தடவிக்கொண்டு போனால் மை பிடிக்காது என்று ஒரு தந்திரம் உண்டு. தேர்தல் ஆணையத்துக்கும் இது தெரியும். விரலில் பிசுக்கு இருந்தால் துணியால் துடைத்துவிட்டுத்தான் மை வைக்க வேண்டும் என்று ஓட்டுச்சாவடி அலுவலர்களுக்கான கையேட்டிலேயே எழுதியிருக்கிறார்கள். முதலில் மை, அதன் பிறகே பதிவேட்டில் கையெழுத்து அல்லது ரேகை. கையெழுத்துப் போட்டு, சீட்டை வாங்கி, மெஷின் பக்கம் போவதற்குள் மை காய்ந்துவிட வேண்டும் என்பது கணக்கு. மெஷினின் கன்ட்ரோல் யூனிட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அலுவலர் விரலை இன்னொரு முறை பார்த்துவிட்டுத்தான், நாம் ஓட்டுப் போட வழிவிடும் பட்டனை அழுத்துவார்.

அந்தக் கையேட்டில் எனக்கு மிகவும் பிடித்த வரி வேறு. மைக் குப்பி சாயாமலிருக்க ஒரு கிண்ணத்திலோ காலி டின்னிலோ மணலைப் போட்டு, குப்பியை முக்கால் பாகம் அதில் புதைத்து வைக்க வேண்டுமாம். பாலாற்றில் தண்ணீர் வருகிறதோ இல்லையோ, குப்பியை நட்டுவைக்கும் அளவுக்கு மணல் எங்களிடம் இன்னும் இருக்கிறது.

இனி ஆயாவின் கேள்விக்கு வருவோம். மருதாணியும் கெரட்டினைத்தான் பிடிக்கிறது. அவர் ஒப்பிட்டது உள்ளங்கை மருதாணியை, நகத்து மையோடு. அங்கேதான் சிக்கல். மேல்தோல் என்பது செத்த செல்களின் அடுக்கு. அடியிலிருந்து புதுசு வர வர மேலே இருப்பது உதிர்ந்துகொண்டே இருக்கும். அதனால் தோலில் பட்டது மையானாலும் மருதாணியானாலும் இரண்டு மூன்று வாரத்தில் போய்விடும். நகத்துக்கு உதிர்தல் கிடையாது. அது வளர்ந்து, நாம் வெட்டி எறிந்தால்தான் உண்டு. கை நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும், வயதானவர்களுக்கு அதைவிடக் குறைவு. நகத்தில் பிடித்த மருதாணியும் மாதக்கணக்கில்தான் நிற்கும், ஆயா கவனித்திருக்க மாட்டார்.

முன்பெல்லாம் நகமும் தோலும் சேரும் இடத்தில் ஒரு புள்ளி மட்டும் வைப்பார்கள். 2006லிருந்து நக நுனியில் ஆரம்பித்து முதல் கணு வரை நீளக் கோடு. நகமும் அதில் அடங்கும், தோலும் அடங்கும். இடது ஆள்காட்டி விரல் இல்லாதவருக்கு அதே கையில் வேறு விரல். இடது கையில் விரலே இல்லையென்றால் வலது கை. அங்கும் இல்லையென்றால் கையின் நுனி. விதியை எழுதியவர் எதையும் விட்டுவைக்கவில்லை.

இந்த மைக்கு ஒரு குறை உண்டு, அதை மறைப்பதற்கில்லை. நீங்கள் யார் என்று அதற்குத் தெரியாது. இந்த விரல் ஓட்டுப் போட்டுவிட்டது என்பது மட்டும்தான் தெரியும். உங்கள் பெயரைச் சொல்லி முன்னாடியே ஒருவர் போட்டுவிட்டுப் போயிருந்தால், மை அதைத் தடுத்திருக்காது. அதைப் பிடிக்க வேண்டியது அடையாள அட்டையும் உள்ளே உட்கார்ந்திருக்கும் பூத் ஏஜென்ட்டுகளும்தான். அப்படி ஏமாந்தவருக்கு தேர்தல் நடத்தை விதி 49P-இன்படி, மெஷினுக்குப் பதிலாக, ஆய்வுக்குரிய வாக்குச்சீட்டு என்ற காகிதச் சீட்டு தருவார்கள். மை செய்வது அந்த ஆள் அடுத்த பெயரைச் சொல்லிக்கொண்டு இன்னொரு சாவடிக்குள் நுழையாமல் பார்த்துக்கொள்வது. ஒரு ஆள், ஒரு திருட்டு, அத்தோடு சரி. என்னைக் கேட்டால், 746 வித்தியாசத்தில் முடிகிற ஒரு தொகுதியில் அதுவே பெரிய உபகாரம்.

இவ்வளவு சௌகரியமான அடையாளத்தை மற்றவர்கள் சும்மா விடுவார்களா? 2016 நவம்பரில் செல்லாத நோட்டை மாற்ற வந்தவர்கள் விரலிலும் வங்கிகளில் மை வைக்கத் தொடங்கினார்கள். அந்த நவம்பர் 19 அன்று அரவக்குறிச்சி, தஞ்சாவூர், திருப்பரங்குன்றம் தொகுதிகளில் தேர்தல். வங்கியில் மை வாங்கியவர் சாவடியில் என்ன செய்வார்? தேர்தல் ஆணையம் நிதி அமைச்சகத்துக்குக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று. 2020இல் கொரோனாவுக்காக வீட்டில் தனிமைப்படுத்தப்பட்டவர்களுக்கு முத்திரை குத்தவும் இதே மைதான்.

அடுத்தடுத்துத் தேர்தல் வந்தால் பழைய கறை என்னாகும் என்பதை எங்கள் பக்கம் நேரிலேயே பார்த்தோம். 2019 ஏப்ரலில் பணப் பட்டுவாடா புகாரால் வேலூர் நாடாளுமன்றத் தேர்தலை ரத்து செய்தார்கள். ஆனால் அந்தத் தொகுதிக்குள் அடங்கிய குடியாத்தத்திலும் ஆம்பூரிலும் சட்டமன்ற இடைத்தேர்தல் ஏப்ரல் 18 அன்று திட்டமிட்டபடி நடந்தது. நாடாளுமன்றத்துக்கு ஓட்டுப்பதிவு ஆகஸ்ட் 5இல்தான். இடையில் 109 நாள். நாளைக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்தால் நகம் சுமார் 11 மில்லிமீட்டர் நகர்ந்திருக்கும். இளவயதுக்காரர்கள் விரலில் ஏப்ரல் கோடு கிட்டத்தட்ட வெட்டுப்பட்டு முடிந்துவிட்டது. ஆயாவுக்கு நகம் மெதுவாகத்தான் வளர்கிறது. ஆகஸ்டில் அவர் விரலை நீட்டியபோது நுனியில் மட்டும் ஒரு கறுப்புப் பிறை மிச்சமிருந்தது. மை வைக்கும் அம்மா அதைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். அடிநகமும் தோலும் சுத்தமாக இருந்தன. "போன தடவை வச்சதா பாட்டி?" என்று கேட்டுக்கொண்டே குச்சியை மையில் நனைத்தார்.

அன்று சாயங்காலம் ஆயா நகத்தை என்னிடம் காட்டினார். புதுக் கோட்டுக்கு மேலே, நுனியில் ஓரமாய், பழைய பிறை தனியாகத் தெரிந்தது. மேலே சட்டமன்றம், கீழே நாடாளுமன்றம்.