மூட்டையே தூக்கல, தோள் ஏன் வலிக்குது?

"அண்ணே, நாள் பூரா சேர்ல உக்காந்து மவுஸ் புடிக்கறதுதான் வேலை, ஒரு குடம் தண்ணி கூட தூக்கறதில்ல, சாயங்காலம் ஆனா தோள்பட்டை கல்லு மாதிரி இறுகிக்குது, ஏன்?"னு ஒரு தம்பி கேட்டிருந்தார். தூக்காததுதான் தம்பி வினையே.

கழுத்துல இருந்து தோளுக்கு எறங்கற அந்த தசை பேரு ட்ரபீசியஸ். நரம்பு கட்டளை குடுத்தா தசைநார் சுருங்கும், அது ஸ்கூல்லயே படிச்சது. ஆனா எல்லா நாரும் ஒண்ணா வேலைக்கு வராது. முதல்ல சின்ன நாருங்க எந்திரிக்கும், பாரம் ஏற ஏறத்தான் பெருசுங்க வரும், வேலை கொறைஞ்சா பெருசுங்க முதல்ல கெளம்பிடும், சின்னதுங்களுக்கு கடைசிலதான் ரெஸ்ட். மவுஸ் புடிக்க தசையோட பலத்துல கொஞ்சூண்டுதான் வேணும், ஆனா அந்த கொஞ்சூண்டு நாள் பூரா அதே சின்ன நாருங்க தலையிலயே விழுது. கோழி கூவறதுக்கு முன்ன எந்திரிச்சு, எல்லாரும் தூங்குனப்புறம் பாத்திரம் கழுவிட்டு படுக்கற மருமக மாதிரி! 1991ல யோரான் ஹேக்னு ஒரு ஆராய்ச்சியாளர், வீட்டு வேலை பூரா தலையில விழற அந்த கதைப் பொண்ணை நெனைச்சு, இதுக்கு சிண்ட்ரெல்லா கருதுகோள்னே பேரு வச்சார். கருதுகோள்தான், ஆனா எனக்கு ரொம்ப புடிச்சது.

ஸ்ட்ரெட்ச் பண்ணலாமான்னா பண்ணுங்க. ஒரு கையால சேர் அடியை புடிச்சுகிட்டு தலைய எதிர்பக்கம் சாச்சு 30 செகண்ட். தசை நீளமாகுதுன்னு நெனைக்கறோம், பெரும்பாலும் நரம்புதான் "இவ்வளவு இழுத்தா பரவால்ல"ன்னு பழகிக்குது. சுகமா இருக்கும், மறுநாள் வலி திரும்ப வந்து நிக்கும்.

பலம் ஏத்தணும். 2011ல டென்மார்க்ல 198 பேரை வச்சு ஒரு ஆய்வு, எக்சர்சைஸ் பண்ற நீள ரப்பர் பேண்டை கால்ல மிதிச்சுகிட்டு ரெண்டு கையையும் பக்கவாட்டுல தோள் உயரத்துக்கு தூக்கணும், வாரம் 5 நாள், 10 வாரம். தெனம் 2 நிமிஷம் செஞ்சவங்களுக்கே வலி நல்லா கொறைஞ்சுது, 12 நிமிஷம் செஞ்சவங்களுக்கும் கிட்டத்தட்ட அதே பலன்தான்! தசை பலமாயிட்டா அதே மவுஸ் அதுக்கு தூசு. பேண்ட் இல்லையா, 1 லிட்டர் தண்ணி பாட்டில் போதும். ஒரு ரப்பர் துண்டை வச்சு செஞ்ச ஆராய்ச்சி பாருங்க, திருப்பூர்ல தையல் மெஷின் முன்னாடி குனிஞ்சே கெடக்கறவங்களுக்கு இப்படி ஒண்ணு செய்ய காசு ஒதுக்குனா கொறைஞ்சா போயிடுவோம்?

எங்க பெரியம்மா கால் முன்ன பொறந்தவங்க, அவங்க உதைச்சா சுளுக்கு போயிடும்னு வாசல்ல ஆளு நிக்கும். சாதா சுளுக்கு சில நாள்ல தானாவே போயிடும், பேரு மட்டும் பெரியம்மாவுக்கு. ஆனா கை மரத்துப்போனாலோ, நெஞ்சோட சேர்ந்து வலிச்சாலோ பேண்டும் வேண்டாம் பெரியம்மாவும் வேண்டாம், நேரா டாக்டர்.