மெயிலில தெரியிற பேர் எங்கயிருந்து வருது?

வன்னியில கன வீடுகளில குடும்பத்துக்கே ஒரு ஈமெயில் தான் இருக்கும், அதுவும் ஆரோ ஒருத்தற்ற பேரில. மீள்குடியேறி வந்த காலத்தில கிளிநொச்சியிலயோ புதுக்குடியிருப்பிலயோ ஒரு கொமினிகேசனுக்குப் போய் தமையன் வெளிநாட்டு அலுவலுக்கெண்டு திறந்திருப்பார், பிறகு அதே மெயிலால தங்கச்சி வேலைக்கு சிவி போடுறா, தகப்பன் கமக்கார அமைப்பின்ர கடிதத்தை ஸ்கான் பண்ணி அனுப்புறார், ஆனா போய்ச் சேருற இடத்தில எல்லாம் தெரியிறது தமையன்ர பேர். கொரோனா நேரம் ஒன்லைன் வகுப்புக்கெண்டு அவசரமா திறந்த எக்கவுண்டுகளும் உப்பிடித்தான், பிள்ளை இப்ப கம்பஸுக்குப் போட்டுது, மெயிலில இன்னும் தாயின்ர பேர். இதை மாத்தினா அட்ரஸும் மாறிடுமோ, வந்த மெயில் எல்லாம் அழிஞ்சிடுமோ எண்டு பயந்து புது எக்கவுண்ட் திறக்கிற ஆக்கள் கன பேர் இருக்கினம். அந்தப் பயம் தேவையே இல்ல, ஏன் தேவையில்ல எண்டு விளங்கிறதுக்கு மெயில் எப்பிடிப் போகுது எண்டு கொஞ்சம் பாக்கவேணும்.

ஒரு மெயில் எண்டுறது கடைசியில வெறும் எழுத்து வரிகள் தான். மேல கொஞ்ச வரி தலைப்புப் பகுதி, பிறகு ஒரு வெறும் வரி, அதுக்குக் கீழ நீங்கள் எழுதினது. அந்த மேல்பகுதியில "ஃப்ரொம்" எண்டு ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரிக்குள்ள ரெண்டு சாமான் பக்கத்தில பக்கத்தில இருக்கு: முதல்ல பேர், அதுக்குப் பிறகு கூர் அடைப்புக்குள்ள மெயில் அட்ரஸ். இன்ரர்நெற் எப்பிடி இயங்கவேணும் எண்டு எழுதி வச்ச விதிகளுக்கு ஆர்எஃப்சி எண்டு பேர், 1982ஆம் ஆண்டு ஓகஸ்டில வந்த ஆர்எஃப்சி 822 எண்ட விதியில இந்த அமைப்பு இருக்கு, 2008இல வந்த ஆர்எஃப்சி 5322இலயும் அடிப்படை அதே தான். இதில அட்ரஸ் கட்டாயம், பேர் விரும்பினா போடலாம் விட்டா விடலாம். பேரே இல்லாம அனுப்பினாலும் மெயில் வடிவா போய்ச் சேரும்.

தபால்ல கடிதம் போடுறதை நினைச்சுப் பாருங்கோ, தபால்காரர் பாக்கிறது கவரில இருக்கிற விலாசத்தை, உள்ள கடிதத்தில என்ன பேர் எழுதிக் கையெழுத்து வச்சிருக்கு எண்டு அவர் திறந்து பாக்கிறேல்ல. மெயிலும் அச்சொட்டா இப்பிடித்தான் நடக்குது. மெயிலை வாங்கி அனுப்புற கொம்பியூட்டரைச் சேர்வர் எண்டு சொல்லுறது, ஒரு சேர்வர் மற்றச் சேர்வரோட கதைக்கிறதுக்கு எஸ்எம்டிபி எண்டு ஒரு முறை இருக்கு, ஜோன் பொஸ்டல் எண்டவர் 1982இல எழுதின ஆர்எஃப்சி 821இல இருந்து வாறது. அந்தக் கதையில முதல்ல "இன்ன அட்ரஸில இருந்து வருது", அடுத்தது "இன்ன அட்ரஸுக்குப் போகவேணும்" எண்டு சொல்லப்படும், ரெண்டிலயும் வெறும் அட்ரஸ் மட்டும் தான், பேருக்கு அங்க இடமே இல்ல. அதுக்குப் பிறகு தான் தலைப்பு வரிகளும் கடிதமும் ஒரே மொத்தமா கைமாறும், அதுக்குள்ள தான் உங்கட பேர் இருக்கு. அப்ப பேரை எத்தினை தரம் மாத்தினாலும் மெயில் போற வழியும் மாறாது வாற வழியும் மாறாது, பாஸ்வேர்ட், இன்பொக்ஸ், பழைய மெயில் ஒண்டுமே அசையாது.

இப்ப எனக்கு மிச்சம் பிடிச்ச பகுதிக்கு வாறன். பேரைத் தமிழில போடலாமோ? தாராளமாப் போடலாம். ஆனா அது போற விதம் கேட்டா ஆச்சரியமா இருக்கும். மெயில் உண்டாக்கின காலத்தில தலைப்பு வரிகளுக்கு அஸ்கி எண்ட 128 குறிகள் மட்டும் தான் அனுமதி, இங்கிலீஷ் எழுத்து, இலக்கம், கொஞ்சக் குறியீடு, அவ்வளவு தான், தமிழுக்கு இடமில்ல. இதுக்கு 1996இல ஆர்எஃப்சி 2047 எண்டு ஒரு வழி வந்தது: மற்ற மொழி எழுத்தை அஸ்கி எழுத்தா உருமாத்தி அனுப்பு, போய்ச் சேருற இடத்தில திருப்பி மாத்திக் காட்டு. கவிதா எண்ட பேரை எடுங்கோ. எங்கட கண்ணுக்கு மூண்டு எழுத்து, ஆனா யூனிகோடில, அதாவது எல்லா மொழி எழுத்துக்கும் இலக்கம் குடுக்கிற பொதுப் பட்டியலில, அது 5 குறி, க, வ, இகர விசிறி, த, ஆகாரக் கால் எண்டு தனித்தனியா எண்ணும். அந்தக் குறியளைக் கொம்பியூட்டரில எழுதி வைக்கிற யூடிஎஃப்-8 முறையில ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் (பைட் எண்டுறது கொம்பியூட்டர் சேமிக்கிற ஒரு சின்ன அலகு), அப்ப 15 பைட். அதை பேஸ்64 எண்ட முறையில எழுதினா 3 பைட்டுக்கு 4 எழுத்து, மொத்தம் 20 எழுத்து. அதாவது ஒரு தமிழ்க் குறி, சரியா நாலு அஸ்கி எழுத்து, பிசகில்லாம. இன்னொரு வடிவான விசயம், தமிழுக்கு யூனிகோடில ஒதுக்கின இடத்தால, இப்பிடி மாத்தின ஒவ்வொரு நாலெழுத்தும் 4 எண்ட இலக்கத்திலயும் அடுத்ததா கே எண்ட இங்கிலீஷ் எழுத்திலயும் தான் தொடங்கும். சிலவேளை ஒரு பழைய மெயிலில பேருக்குப் பதிலா விளங்காத இங்கிலீஷ் எழுத்துக் குவியல் வந்து, அதுக்குள்ள நாலு-கே நாலு-கே எண்டு திரும்பத் திரும்ப நிண்டா, அது வைரஸுமில்ல ஒண்டுமில்ல, திருப்பி மாத்தாம விட்ட ஒரு தமிழ்ப் பேரா இருக்கக் கன வாய்ப்பு இருக்கு.

இப்பிடி மாத்தின துண்டு ஒண்டு 75 எழுத்துக்கு மேல போகக்கூடாது எண்டும் அந்த விதியில இருக்கு. முன்னுக்கும் பின்னுக்கும் "இது யூடிஎஃப்-8, இது பேஸ்64" எண்டு சொல்லுற அடையாளத்துக்கு 12 போனா, மிச்சத்தில 15 தமிழ்க் குறி தான் கொள்ளும். எங்கட ஆக்களின்ர பேர் தகப்பன் பேரோட சேந்தா 15 எங்க காணும், அப்ப ரெண்டு மூண்டு துண்டா வெட்டித்தான் போகும். ஒரு எழுத்தின்ர நடுவால வெட்டக்கூடாது எண்டும் விதி சொல்லுது, ஆனா அதைக் கவனிக்காம எழுதின சொப்ட்வெயாரும் இருந்தது. வெறும் தமிழெண்டா 3 பைட்டுக்கு 4 எழுத்து எண்ட ஒழுங்கில வெட்டினாலும் எழுத்து உடையாது, ஆனா நடுவில ஒரு இடைவெளியோ முதலெழுத்துக்குப் பிறகு வைக்கிற புள்ளியோ வந்தா அது 1 பைட் தான், அதோட ஒழுங்கு நழுவும், நழுவின இடத்தில வெட்டினா எழுத்து உடைஞ்சு கேள்விக்குறி வைச்ச கறுப்பு டயமண்ட் வடிவமா நிக்கும். இப்ப இருக்கிற பெரிய மெயில் சேவையளில இது காணக் கிடையாது.

புள்ளி எண்டோன்ன இன்னொண்டு. எங்கட வழக்கத்தில தகப்பன் பேரின்ர முதலெழுத்து, புள்ளி, பிறகு தன்ர பேர். மெயில் விதியில புள்ளி உள்ள பேரை இரட்டை மேற்கோளுக்குள்ள போடவேணும், கொமா உள்ள பேரும் அப்பிடித்தான், ஏனெண்டா கொமா வந்தா அது ரெண்டு ஆளின்ர அட்ரஸைப் பிரிக்கிற குறியாப் போயிடும். இதெல்லாம் மெயில் சொப்ட்வெயார் தானாப் பாத்துச் செய்யும், நீங்கள் மேற்கோள் போட்டு மினக்கெட வேண்டாம். ஆனா ஃபெர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம் எண்டு ரெண்டு பெட்டி கேக்கிற இடத்தில கவனம் வேணும், எங்களுக்குக் குடும்பப் பேர் எண்டு ஒண்டு இல்லாததால ஒருத்தர் தகப்பன் பேரை முதல் பெட்டியில போடுவார், இன்னொருத்தர் கடைசிப் பெட்டியில போடுவார். என்ர அபிப்பிராயம், வேலைக்கும் கம்பஸுக்கும் பாவிக்கிற மெயிலெண்டா அடையாள அட்டையில இங்கிலீஷில ஸ்பெல்லிங் இருந்தா அதையே போடுங்கோ. பத்திரம் எல்லாம் யுத்தத்தில துலைஞ்சு திரும்ப எடுத்த ஆக்களுக்குத் தெரியும், ஒரு எழுத்து மாறினாலே எத்தினை தரம் கச்சேரிக்கு அலையவேணும் எண்டு.

மாத்துற இடம் ஜீமெயிலில கொஞ்சம் ஒளிஞ்சு கிடக்கு. போனில இருக்கிற ஜீமெயில் அப்புக்குள்ள தேடினா கிடைக்காது. கொம்பியூட்டரிலயோ, இல்லாட்டி போனில பிரவுசரைத் திறந்து டெஸ்க்டொப் சைட் எண்டதைப் போட்டோ ஜீமெயிலுக்குள்ள போகவேணும். மேல வலப்பக்கம் இருக்கிற பற்சில்லை அமத்தி, எல்லா செற்றிங்ஸும் எண்டதுக்குப் போய், "எக்கவுண்ட்ஸ் அண்ட் இம்போர்ட்" எண்ட பகுதியில "சென்ட் மெயில் அஸ்" எண்டதுக்கு நேர "எடிட் இன்ஃபோ" இருக்கும், அதில புதுப் பேரை அடிச்சு சேவ் பண்ணினாச் சரி. கூகிள் எக்கவுண்டின்ர பேர் இதில இருந்து வேறயா மாத்தலாம், அது "பேர்சனல் இன்ஃபோ"க்குள்ள இருக்கு, கூகிள் மீற் வகுப்பில தெரியிறது அந்தப் பேர் தான், அதால ரெண்டையும் பாருங்கோ. அவுட்லுக் டொட் கொம் எண்டா மைக்ரோசொஃப்ட் எக்கவுண்டின்ர பேரை மாத்தவேணும்.

போனிலயோ கொம்பியூட்டரிலயோ வேற மெயில் அப் போட்டுப் பாவிக்கிற ஆக்கள் ஒண்டைக் கவனியுங்கோ. ஃப்ரொம் வரியை எழுதுறது மெயிலை உண்டாக்கிற சொப்ட்வெயார், அப்ப அந்த அப்புக்குள்ள ஒரு பேர் தனியா இருக்கும். ஜீமெயிலில மாத்திப்போட்டு அப்பில மாத்தாம விட்டா, ஒரே எக்கவுண்டில இருந்து ரெண்டு பேரில மெயில் போகும்.

இவ்வளவும் வாசிச்சா ஒரு கேள்வி வரவேணும், ஆரும் என்ன பேரும் போடலாமோ எண்டு. ஓம், போடலாம், இதைத்தான் எல்லாரும் வடிவா விளங்கிக்கொள்ளவேணும் எண்டு நான் விரும்புறன். மெயிலைச் சரிபாக்க எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் எண்டு மூண்டு முறை இருக்கு. முதலாவது, இந்த டொமைன்ர (அட்ரஸில அற் குறிக்குப் பின்னால வாற பகுதி) பேரில மெயில் அனுப்ப இந்தச் சேர்வருக்கு அனுமதி இருக்கோ எண்டு பாக்கும். ரெண்டாவது, மெயிலில டிஜிட்டல் கையொப்பம் வச்சு, இடைவழியில ஆரும் மாத்தேல்ல எண்டு உறுதிப்படுத்தும். மூண்டாவது, ஃப்ரொம் வரியில இருக்கிற டொமைன் மற்ற ரெண்டில ஒண்டோடயாவது ஒத்துப்போகுதோ எண்டு பாக்கும். 2024 பெப்ரவரியில இருந்து ஜீமெயிலுக்கு ஒரு நாளைக்கு 5000 மெயிலுக்கு மேல அனுப்புற ஆக்கள் இந்த மூண்டும் வச்சிருக்கவேணும் எண்டு கூகிள் கேக்குது. ஆனா மூண்டுமே பாக்கிறது அட்ரஸில அந்த அற் குறிக்குப் பின்னால இருக்கிற டொமைனை. பேர் உண்மையோ பொய்யோ எண்டு மூண்டில ஒண்டும் கேக்கிறேல்ல. ஒருத்தன் தன்ர சொந்த மெயிலைத் திறந்து, பேர் எண்ட இடத்தில ஒரு வங்கியின்ர பேரையோ கனடாவில இருக்கிற உங்கட மாமாவின்ர பேரையோ போட்டு அனுப்பினா, மூண்டு சோதினையும் பாஸ் பண்ணித்தான் உங்கட இன்பொக்ஸுக்கு வரும், அவன்ர அட்ரஸ் உண்மையான அட்ரஸ் தானே. போனில இடம் காணாதெண்டு அப்புகள் பேரை மட்டும் காட்டி அட்ரஸை மறைக்கிறது இதுக்கு இன்னும் வசதியாப் போட்டுது. காசு, பாஸ்வேர்ட், அடையாள அட்டைப் படம் கேட்டு வாற மெயிலெண்டா பேருக்கு மேல ஒருக்கா அமத்தி முழு அட்ரஸையும் பாத்திட்டு, தெரிஞ்ச ஆளெண்டா ஒரு கோல் எடுத்துக் கேளுங்கோ, வங்கியெண்டா வங்கியின்ர நம்பருக்கே எடுங்கோ.

பேர் மாத்தினாப் பிறகு பழைய மெயிலில பழைய பேர் அப்பிடியே தான் நிக்கும். அது ஏற்கனவே மற்ற ஆளின்ர பெட்டிக்குள்ள போய்ச் சேந்த எழுத்து, உங்கட செற்றிங்ஸுக்கு அதில கைவைக்கேலாது. புது மெயிலிலயும் பழைய பேர் தெரியுது எண்டு ஆரும் சொன்னா, அவை தங்கட கொண்டாக்ட் லிஸ்டில உங்களைப் பழைய பேரில சேமிச்சு வச்சிருக்கினம் எண்டு நினைக்கலாம், கன அப்புகள் வந்த பேரை விட்டிட்டு சேமிச்ச பேரைத் தான் காட்டும். சோதிச்சுப் பாக்கிறதெண்டா உங்களுக்கே அனுப்பிப் பிரயோசனமில்ல, ஜீமெயில் "மீ" எண்டு தான் காட்டும், உங்களைச் சேமிச்சு வைக்காத ஒரு ஆளுக்கு அனுப்பி, அவரைக் கொம்பியூட்டரில "ஷோ ஒரிஜினல்" எண்டதை அமத்தி ஃப்ரொம் வரியை வாசிக்கச் சொல்லுங்கோ. தமிழில பேர் போட்டிருந்தா அந்த நாலு-கேயையும் அங்க காணலாம்.