சூடேறியதும் நின்றுபோகும் பழைய வண்டி: கார்ப்பரேட்டரில் கை வைப்பதற்கு முன்

காலையில் ஒரே உதையில் எடுத்துக்கொள்கிறது, பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஒழுங்காக ஓடுகிறது, பிறகு சிக்னலில் வேகம் குறைந்ததும் எஞ்சின் அணைந்துவிடுகிறது, அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் மறுபடி ஓடுகிறது. பழைய 100 சிசி வண்டி வைத்திருப்பவர்கள் இந்தக் குறையோடு பட்டறைக்கு வரும்போது, பெரும்பாலும் அதற்கு முன்பே, பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்ப்பரேட்டர் ஒருமுறைக்குப் பலமுறை கழுவப்பட்டிருக்கிறது. போன வாரம் வந்த ஸ்பிளெண்டரில் புது கார்ப்பரேட்டரே மாட்டியிருந்தார்கள். அதற்கும் மசியவில்லை என்றதும் பிளாக் பிஸ்டன் போய்விட்டது, ரீபோர் செய்ய (சிலிண்டரின் உட்சுவரைக் கடைய) வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இரவு முழுக்க ஆறவிட்டு, மறுநாள், இரு வால்வுகளும் மூடியிருக்க வேண்டிய நேரத்தில் பிஸ்டன் உச்சியில் நிற்கும்படி மேக்னெட்டின் டி குறியை நேராக நிறுத்தி, புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் பக்க டேப்பெட் மூடியைத் திறந்து பார்த்தேன். வால்வைத் தள்ளித் திறக்கும் ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவில் இடைவெளி வைக்கும் திருகுதான் டேப்பெட். ராக்கர் துளிகூட ஆடவில்லை, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜின் 0.05 மில்லிமீட்டர் தகடு உள்ளே நுழையவே மறுத்தது. அந்த இடைவெளியைச் சரியாக வைத்ததோடு வேலை முடிந்தது.

இந்த டேப்பெட் தானாக இறுகியிருக்க வாய்ப்பு குறைவு. ‘சத்தம் வருகிறது, சத்தம் வராமல் செய்து கொடுங்கள்’ என்று உரிமையாளர் கேட்கிறார், கடைக்காரரும் அவர் மனம் நிறையட்டும் என்று சத்தம் அடங்கும்வரை முறுக்கிவிடுகிறார். அந்த இடைவெளி தேவை என்பதற்காகத்தான் தயாரித்தவர்கள் வைத்திருக்கிறார்கள். எஞ்சின் சூடாகி வால்வுத் தண்டு நீளும்போது அதற்கு இடம் வேண்டும். இடம் இல்லாவிட்டால் வால்வு தன் இருக்கையில் முழுவதும் உட்காராது, கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் சேரும் அழுத்தம்) கசிந்துவிடும், குறைந்த வேகத்தில் எஞ்சின் நிற்காமல் என்ன செய்யும்? அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால் வால்வின் விளிம்பு கருகி, உண்மையாகவே ஹெட் (வால்வுகள் இருக்கும் எஞ்சின் மேல்பகுதி) வேலைக்கு வந்து நிற்கும். லேசான ‘டிக் டிக்’ ஒலி இந்த வண்டிகளுக்கு ஆரோக்கியமானது. தயவுசெய்து அதை அடக்கச் சொல்லிக் கேட்காதீர்கள்.

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி நடைமுறைக்கு வருவதற்கு முன்பு விற்ற இவ்வகை வண்டிகளில் பெரும்பாலும் கார்ப்பரேட்டர்தான் என்பதால், எந்தக் குறை வந்தாலும் பழி அதன்மேலேயே விழுகிறது. கார்ப்பரேட்டர் குற்றமே செய்யாது என்று நான் சொல்லவில்லை. சூடேறிய பிறகும் சோக்கை இழுத்துப் பிடித்தால்தான் ஓடுகிறது என்றால் குறைந்த வேகத்துக்குப் பெட்ரோல் விடும் ஐட்லிங் ஜெட் அடைத்திருக்கலாம், அல்லது கார்ப்பரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் காற்று இழுக்கலாம். அப்போது தாராளமாகக் கழற்றுங்கள். அந்த அறிகுறி எதுவும் இல்லாமல் ஓய்வு வேகத்தைக் கூட்டும் ஸ்லோ ஸ்குரூவை மட்டும் ஏற்றிவைத்து ‘இப்போது நிற்காது’ என்று சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள். அது நோயை மறைக்கும், பெட்ரோலையும் குடிக்கும்.

எங்கே தேட வேண்டும் என்பது, நிற்கிற அந்த நேரத்தில், சூட்டோடு சூடாகப் பார்த்தால்தான் எளிதில் பிடிபடும். ஆறிய வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவந்து ‘பாருங்கள், இப்போது நன்றாக ஓடுகிறது’ என்றால் எங்கே தேடுவது என்று சொல்வது கடினம். முதலில் வண்டியைச் சாலையோரமாகத் தள்ளிவிடுங்கள். மேம்பாலத்தின் நடுவில், பின்னால் லாரி வர, உட்கார்ந்தபடியே கிக்கரை உதைத்துக்கொண்டிருப்பது உயிருக்கு ஆபத்து. ஓரம் கட்டிய பிறகு கிக்கரை மெதுவாக மிதித்துப் பாருங்கள்: வழக்கமான எதிர்ப்பு இல்லாமல் லேசாக இறங்கினால் சந்தேகம் டேப்பெட் பக்கம் போக வேண்டும். எதிர்ப்பு இருந்தால் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். அருகில் சிகரெட்டோ தீயோ இருக்கக்கூடாது என்பதை நான் சொல்லவேண்டியதில்லை. ‘உஸ்’ என்று காற்று உள்ளே போய், இரண்டொரு நிமிடத்தில் வண்டி எடுத்துக்கொண்டால், குற்றம் மூடியிலுள்ள காற்றுத் துளையில்தான் இருக்கிறது. ரெக்சின் உறை போட்ட டேங்குகளில் மூடியைச் சுற்றித் தேங்கும் தூசி, தண்ணீர் அடித்துக் கழுவும்போது சேறாகி அந்தத் துளையில் இறங்கிவிடும். இதற்கும் சூட்டுக்கும் சம்பந்தமே இல்லை, துளை அடைத்த டேங்கில் வெற்றிடம் உண்டாக எடுக்கும் நேரமும் எஞ்சின் சூடேறும் நேரமும் ஏறக்குறைய ஒன்றாக அமைவதால் நாம் ஏமாந்துபோகிறோம்.

இரண்டும் சரியாக இருந்தால் மின்பொறியைப் பார்க்க வேண்டும். பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலிலோ, பொறி அடிக்கும் நேரத்தைக் காட்டும் பல்சர் காயிலிலோ உள்ளே கம்பி விட்டுப்போயிருந்தால், சூட்டில் விரிந்து தொடர்பு அறும், ஆறியதும் சேர்ந்துகொள்ளும். மீட்டரில் வைத்துப் பார்த்தால்கூட ஆறிய நிலையில் அளவு சரியாகவே காட்டும். ஆகவே வண்டியில் எப்போதும் ஒரு நல்ல பிளக்கை வைத்திருங்கள். எஞ்சினில் இருக்கும் பிளக்கைக் கழற்றாமல், அதன் மூடியை மட்டும் உருவி, கையிலுள்ள பிளக்கில் மாட்டி, திருகு மரையுள்ள பகுதி எஞ்சினின் உலோகத்தில் நன்றாகப் படும்படி வைத்துவிட்டுக் கிக்கரை உதைக்க வேண்டும். நீலப் பொறி பளிச்சென்று வந்தால் மின்சாரம் நலம். மஞ்சளாகச் சோர்ந்து வந்தாலோ வராமலே போனாலோ காயில் பக்கம்தான் தேட வேண்டும். மூடியை வெறும் கையால் பிடிக்காதீர்கள், பெட்ரோல் வழிந்திருந்தால் இந்தச் சோதனையைச் செய்யவே வேண்டாம்.

கொதிக்கிற எஞ்சினில் பாட்டில் தண்ணீரை ஊற்றி ஆற்றும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். திடீர்க் குளிர்ச்சியில் ஹெட் கோணிப்போகலாம், விரிசலும் விடலாம். நிழலில் நிறுத்துங்கள், அது போதும். எத்தனை கிலோமீட்டரில் நின்றது, கிக்கர் எப்படி இருந்தது, டேங்க் மூடியைத் திறந்ததும் என்ன ஆயிற்று, பொறி என்ன நிறத்தில் வந்தது என்று நான்கு வரி எழுதிக்கொண்டு வாருங்கள், எந்த மெக்கானிக்கும் தேவையில்லாத பாகத்தைக் கழற்ற மாட்டார்.