கூட வந்தவர்கள் கொஞ்சம் வெளியே இருக்கட்டும்

ஒரு கர்ப்பிணி எட்டாவது மாதச் செக்கப்புக்கு வந்திருந்தார். கேள்வித்தாளைக் கொடுத்தேன். ஒன்பது கேள்விகளுக்கு மளமளவென்று டிக் அடித்தவர், பத்தாவதில் பேனாவை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த கணவர் தாளை எட்டிப் பார்த்ததும், 'ஒருபோதும் இல்லை' என்று குறித்து மடித்துக் கொடுத்துவிட்டார்.

அந்தப் பத்தாவது கேள்வி, தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. தாய்மார்களின் மனச்சோர்வைக் கண்டறிய 1987இல் வெளியான எடின்பரோ அளவுகோல்தான் அந்தக் கேள்வித்தாள். கடந்த 7 நாட்களின் மனநிலையைக் கேட்கும் 10 கேள்விகள், மொத்தம் 30 மதிப்பெண். மொத்தம் குறைவாக இருந்தாலும் பத்தாவதில் ஒரு தயக்கம் தெரிந்தால் அன்றே உட்கார்ந்து பேச வேண்டும். நான் பேசவில்லை. தாளைக் கோப்பில் வைத்துவிட்டேன். அது என் தவறு.

அடுத்த முறை அவரிடம் தனியாகக் கேட்டேன். "தூங்கினா எழுந்திருக்கவே வேண்டாம்னு இருக்கு மேடம்" என்றார். முந்தைய குழந்தை வயிற்றிலேயே இறந்திருக்கிறது. அதைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை. இரத்த அழுத்தம், ஹீமோகுளோபின் எல்லாம் ஒழுங்காக எழுதியிருந்த அட்டையில், இதற்கு ஓர் இடம்கூட இல்லை.

இப்போது வருகிற எல்லாப் பெண்களிடமும் பத்து நிமிடம் தனியாகத்தான் பேசுகிறேன். எல்லோருக்கும் இதே விதி என்பதால் வீட்டார் யாரும் சந்தேகப்படுவதில்லை. முன்பு மனச்சோர்வு வந்ததா, இந்தக் கர்ப்பம் அவர் விரும்பியதா, வீட்டில் அடி உதை உண்டா, கடன் நெருக்குகிறதா, ராத்திரி அழுகை வந்தால் யாரிடம் சொல்வார் என்று கேட்பேன். கடைசிக் கேள்விக்குப் பதில் வராத பெண்ணைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, கர்ப்பிணிகளில் சுமார் 10 சதவீதம் பேருக்கும், பிரசவித்தவர்களில் சுமார் 13 சதவீதம் பேருக்கும் மனநலப் பாதிப்பு இருக்கிறது. பெரும்பாலும் மனச்சோர்வுதான்.

பிரசவமான சில நாட்களில் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம். இரண்டு வாரத்துக்குள் தானாகவே அடங்கிவிடும். அதைத் தாண்டியும் நீடித்தால் காத்திருக்க வேண்டாம். நான் தவறாமல் கேட்பது ஒன்று: "குழந்தை தூங்கும்போது உங்களுக்குத் தூக்கம் வருதா?" குழந்தை தூங்கியும் தாய்க்குக் கண் மூட முடியவில்லை என்றால் காரணத்தைப் பார்க்க வேண்டும். அப்புறம் தைராய்டு, ரத்தசோகை இரண்டையும் சோதிப்பது நல்லது.

இல்லாத குரல் கேட்பது, தூக்கமே தேவைப்படாதது போல் இருப்பது, குழந்தையைப் பற்றி விபரீதமாகப் பேசுவது வேறு விஷயம். ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வரும் தீவிர மனநோய் அது. அவரைத் தனியாக விடாமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.

மாத்திரை சாப்பிட்டால் பால் கொடுக்கக் கூடாது என்று பயந்து பலர் சிகிச்சையையே விட்டுவிடுகிறார்கள். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் செர்ட்ராலின் போன்ற மருந்து பாலில் மிகக் குறைவாகவே சேரும். நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் கேளுங்கள்.

அந்தப் பெண் பிரசவமான ஆறாவது வாரம் குழந்தையோடு வந்தார். தாளை எடுத்ததுமே கணவர் குழந்தையை வாங்கிக்கொண்டு வெளியே போனார். பத்தாவது கேள்வியில் இந்த முறை 'எப்போதாவது' என்று குறித்தார். தாளை மடிக்காமல் என் பக்கம் திருப்பி வைத்தார்.