பட்டைச் சலுகையா, பட்டை உரிமையா?

குன்னூரில் அமெச்சூர் வானொலித் தேர்வுக்கு, அதாவது பொழுதுபோக்காக வானலையில் பேச உரிமம் தரும் தேர்வுக்குப் படிக்கும் சிலருக்கு ஞாயிறுதோறும் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். அவர்களிடையே சுற்றிவரும் ஒரு தமிழ்க் குறிப்பேட்டில் ‘பேண்ட் ப்ரிவிலேஜஸ்’ என்பதைப் ‘பட்டைச் சலுகைகள்’ என்று பெயர்த்திருக்கிறார்கள். பட்டை என்பது அடுத்தடுத்த அதிர்வெண்களின் ஒரு தொகுப்பு. சென்ற மாதம் ஒரு மாணவர், “சலுகை என்றால் உரிமக் கட்டணத்தில் எவ்வளவு குறையும், சார்?” என்று கேட்டார். அவர் மீது குற்றமில்லை. பேருந்திலும் துணிக்கடையிலும் நாம் அந்தச் சொல்லுக்குக் கொடுத்திருக்கும் பொருளைத்தான் அவர் கேட்டார்.

‘ப்ரிவிலேஜ்’ என்பதன் லத்தீன் மூலத்துக்குத் தனியொருவரைப் பற்றிய சட்டம் என்று பொருள். வானொலியில் அது, ஒருவரின் உரிமத் தகுதிக்கு எந்த அதிர்வெண்களில், எந்த முறையில், எவ்வளவு திறனில் அலை அனுப்பலாம் என்ற வரையறை. அமெரிக்காவில் 20 மீட்டர் பட்டையில் (அலைநீளத்தை ஒட்டிய பெயர்) குரல்வழிப் பேச, உரிமத்தின் மேல்படியான எக்ஸ்ட்ரா வகுப்பினருக்கு 14.150 மெகாஹெர்ட்ஸிலிருந்தும், அதற்குக் கீழ்ப்படியான ஜெனரல் வகுப்பினருக்கு 14.225இலிருந்தும் இடம் உண்டு; இருவருக்கும் பட்டை 14.350இல் முடிகிறது. 40 மீட்டர் பட்டை அவர்களுக்கு 7.300 வரை நீள்கிறது, நமக்கு 7.200இல் முடிந்துவிடுகிறது. 7.250இல் பேசும் அமெரிக்கரை இங்கிருந்து கேட்கலாம். அங்கே பதில் சொல்ல முடியாது.

இதில் சலுகை எங்கே இருக்கிறது? தேர்வெழுதி உரிமம் பெற்றவருக்கு உரியது உரிமை. உரிமம், உரிமை இரண்டும் ‘உரி’ என்ற ஒரே வேரில் கிளைத்தவை என்பதால், ஒன்று தாளாகவும் மற்றது அத்தாளால் வரும் பயனாகவும் அடுத்தடுத்து நிற்க எந்தத் தடையுமில்லை. உரிமை என்றால் பறிக்க முடியாதது என்ற எண்ணம் வரும், ப்ரிவிலேஜோ திரும்பப் பெறக்கூடியது என்று ஒரு நண்பர் வாதிட்டார். குத்தகை உரிமையும் மீன்பிடி உரிமையும் நிபந்தனை மீறினால் போய்விடக்கூடியவைதானே என்றேன். சட்டமன்றச் செய்திகளில் ‘ப்ரீச் ஆஃப் ப்ரிவிலேஜ்’ என்பதை ‘உரிமை மீறல் பிரச்சினை’ என்றுதான் இத்தனை ஆண்டுகளாக எழுதுகிறார்கள். ‘சலுகை மீறல்’ என்று எந்த நாளிதழாவது எழுதியதுண்டா? ‘சிறப்புரிமை’ என்றும் சிலர் ஆக்கியிருக்கிறார்கள். அது பொருளில் பிழையில்லை, ஆனால் கொல்லைப்புறத்துக் கம்பி ஆன்டெனாவுக்குப் பட்டுக்குஞ்சம் கட்டியது போல இருக்கிறது. அகராதியில் முதலில் கண்ணில் படும் பொருளை எடுத்து ஒட்டிவிட்டு, அந்தத் துறையில் ஒரு நாள்கூட உட்காராமல் எழுந்துவிடும் மொழிபெயர்ப்பாளர்களிடம் எனக்கு நெடுநாள் மனக்குறை உண்டு.

சலுகை என்ற சொல்லுக்குள் கொஞ்சம் விட்டுக்கொடுத்தல் ஒளிந்திருக்கிறது. பட்டையின் விளிம்பில் அந்த விட்டுக்கொடுத்தலுக்கு இடமே கிடையாது. அதே மாணவர் கருவியை மேல் பக்கப்பட்டையில் (குரலை மைய அதிர்வெண்ணுக்கு மேற்புறம் மட்டும் அனுப்பும் முறை) வைத்து, திரையில் 14.350.00 என்று காட்டி, “உள்ளேதானே இருக்கிறது, சார்?” என்றார். நல்லவேளை, பேசும் பொத்தானை அழுத்தவில்லை. திரை காட்டுவது அடக்கப்பட்ட ஊர்தி அலையின், அதாவது குரலைச் சுமக்க எடுத்து, அனுப்பும் முன் நீக்கிவிடும் மைய அலையின் இடத்தை. குரல் அதற்கு மேலே ஏறத்தாழ 3 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்குப் பரவி 14.353 வரை போய்விடும். வேலிக்கு உள்ளே நட்ட மரத்தின் கிளை முழுவதும் பக்கத்துத் தோட்டத்தில் நிற்பது போன்றது இது. 40 மீட்டரில் வழக்கமாகக் குரல் கீழ்நோக்கிப் பரவும் கீழ்ப் பக்கப்பட்டை என்பதால் ஆபத்து மறுமுனைக்கு மாறுகிறது: பட்டை தொடங்கும் 7.000இல் வைத்துப் பேசினால் குரல் 6.997 வரை இறங்கிப் பட்டையை விட்டே வெளியேறிவிடும்.

வெளியே இருப்பதும் யாருக்கோ உரிய இடம். ஊட்டிக்கு அருகே முத்தொரையில் 530 மீட்டர் நீளத்தில் நிற்கும் வானலைத் தொலைநோக்கி 326.5 மெகாஹெர்ட்ஸில் கேட்கிறது. அந்த அதிர்வெண்ணைச் சுற்றி 322 முதல் 328.6 வரை வானலை வானியலுக்கு ஒதுக்கப்பட்டது. அங்கே ஒருவர் ‘சலுகையாக’ ஓரத்தில் சிந்தினால் என்ன ஆகும் என்று வகுப்பில் கேட்டால் எல்லோருக்கும் விளங்கிவிடுகிறது.

‘பேண்ட் எட்ஜ்’ என்பதற்கு அக்குறிப்பேடு ‘பட்டை எல்லை’ என்கிறது. தவறென்று சொல்லமாட்டேன், ஆனால் விளிம்பு என்பதே எனக்குப் பிடித்த சொல். எல்லை தரையில் கிழித்த கோடு, விளிம்போ பாத்திரத்துக்கு உரியது, ததும்பினால் சிந்தும். நானே கட்டிய பழைய கருவி மார்கழி உறைபனிக் காலையில் சூடேறும்வரை அதிர்வெண் நழுவிக்கொண்டே இருக்கும். ஆகவே அந்த மாதங்களில் 14.345க்கு மேல் நான் போவதில்லை.